ஏற்காட்டுத் தோட்டப் பாதைக்கு முதல் ட்ரெயில் பைக்: எதை வாங்குவது?

கேள்வி: வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். வயது 26, உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 56 கிலோ. கியர் வண்டி லைசென்ஸ் இருக்கிறது; நான்கு வருடமாக ஸ்ப்ளெண்டர் ஓட்டுகிறேன். நாகலூர் பக்கம் என் மாமாவுக்குக் காப்பித் தோட்டம் உண்டு. சனி, ஞாயிறுகளில் அங்குள்ள மண் பாதைகளில் ட்ரெயில் ரைடிங் பழக ஆசை. வண்டியிலேயே சேலத்திலிருந்து மேலே போய்த் திரும்ப வேண்டும். எல்லாம் சேர்த்துக் கையில் 2 லட்சம். பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வாங்கு, சீட் தாழ்வு, உனக்குச் சரியாக இருக்கும் என்கிறார் நண்பர். ஹீரோ எக்ஸ்பல்ஸ், கவாசாகி கே.எல்.எக்ஸ். 230 இரண்டையும் பார்த்தேன், உயரம் பயமுறுத்துகிறது. பேப்பர் இல்லாத 250 சிசி மோட்டோகிராஸ் (மண் பந்தய) பைக் ஒன்று 1.5 லட்சத்துக்கு வருகிறது, தோட்டத்துக்குள் ஓட்ட ஆர்.சி. எதற்கு என்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு வணக்கம். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 2023 மே மாதத்துக்குப் பின் வந்த எக்ஸ்பல்ஸ் 200 4வி, சாதாரண மாடல், செகண்ட் ஹேண்ட். வண்டிக்கு 1.25 லட்சத்துக்கு மேல் போக வேண்டாம். மீதி 75 ஆயிரத்தில் 40 ஆயிரம் உங்கள் உடம்புக்கான பாதுகாப்புக்கு, 20 ஆயிரம் டயர், ஹேண்ட் கார்டு வேலைகளுக்கு, 15 ஆயிரம் பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், முதல் சர்வீஸுக்கு. இனி காரணம்.

நீங்கள் சீட் உயரத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். முதலில் கவலைப்பட வேண்டியது எடையைப் பற்றி. சேர்வராயன் மலைத் தோட்டப் பாதைகளில் வேகம் கிடையாது. பெரும்பாலும் முதல் கியர், இரண்டாம் கியர்தான். செம்மண் ஏற்றம், நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, மழைத் தண்ணீர் அறுத்த வாய்க்கால், சில்வர் ஓக் சருகுக்கு அடியில் மறைந்த கல். இங்கே பழகுபவர் விழுவது வேகத்தில் இல்லை, நின்ற இடத்தில். ஏற்றத்தில் வண்டி நின்றுபோகும், கால் ஊன்றப் பார்ப்பீர்கள், பள்ளத்துப் பக்கம் தரை கிடைக்காது, வண்டி மெதுவாகச் சாயும். ஒரு காலையில் நாலைந்து முறை இது நடக்கும். ஒவ்வொரு முறையும் தூக்கி நிறுத்துவது நீங்கள்தான். மூன்றாவது முறையே கை சோர்ந்துவிட்டால் நாலாவது முறை கிளட்ச் பிடிக்க விரல் வலு இருக்காது. பெரும்பாலான காயங்கள் வருவது அந்தச் சோர்வில்தான்.

ஹிமாலயன் 411 பெட்ரோலோடு 199 கிலோ. எக்ஸ்பல்ஸ் 4வி ஏறக்குறைய 158. கே.எல்.எக்ஸ். 230 சுமார் 139. ஹிமாலயனுக்கும் எக்ஸ்பல்ஸுக்கும் உள்ள 41 கிலோ வித்தியாசம், ஒரு சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம்தான் குறைவு. அந்த மூட்டையை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு செம்மண் ஏற்றம் ஏறுவீர்களா? உங்கள் நண்பர் சொன்ன தாழ்ந்த சீட் உண்மைதான்: ஹிமாலயனுக்கு 800 மில்லிமீட்டர், எக்ஸ்பல்ஸுக்கு 825. ஆனால் இந்த 25 மில்லிமீட்டர் சாதகம் சமதளத்தில் நிற்கும்போது மட்டும்தான். வண்டி பக்கவாட்டில் கொஞ்சம் சாய்ந்துவிட்டால் பிறகு தாங்குவது கால் நீளம் இல்லை, தொடை வலு. 56 கிலோ உடம்புக்கு 199 கிலோவைச் சாய்வில் தாங்குவது நடக்காது. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவருக்கு ஹிமாலயன் நல்ல வண்டி. உங்கள் வேலைக்கு அது இல்லை.

உயரத்துக்கு வருவோம். ஷோரூம் பலகையில் போட்டிருக்கும் சீட் உயரம் ஆள் ஏறாத வண்டிக்கு. நீங்கள் உட்கார்ந்ததும் பின் ஷாக்கின் மொத்த ஓட்டத்தில் (சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரத்தில்) கால் பங்கு முதல் 30 சதவீதம் வரை இறங்கும். எக்ஸ்பல்ஸின் பின் சக்கர ஓட்டம் 170 மில்லிமீட்டர், நீங்கள் எடை குறைவு என்பதால் 40 இறங்கும் என்று வைத்தாலும் 785-க்கு வந்துவிடும். உங்கள் உயரத்துக்கு வெறுங்காலில் உள்கால் நீளம் 73 முதல் 75 சென்டிமீட்டர் இருக்கும். ரைடிங் பூட்ஸ் அடிப்பாகம் இன்னும் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் தரும். இரண்டு பாதமும் தட்டையாகப் பதியாது. அது தேவையும் இல்லை. இடுப்பைச் சீட்டின் இடது விளிம்புக்கு நகர்த்தி இடது காலின் முன்பாதம் ஊன்றினால் போதும், வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்க வேண்டும். இது பழக்கத்தில் வரும். கே.எல்.எக்ஸ். 880, பின் ஓட்டம் 250. உட்கார்ந்தால் 810 வரை இறங்கலாம், அப்போதும் உங்களுக்கு விரல் நுனிதான் தொடும். எக்ஸ்பல்ஸ் ப்ரோ மாடல் 891, சஸ்பென்ஷன் ஓட்டமும் அதிகம். விளம்பரத்தில் ‘4வி’ என்று மட்டும் போட்டிருப்பார்கள், நேரில் போனால் ப்ரோவாக இருக்கும். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னும் உயரம் குறைய வேண்டுமென்றால், பின் ஷாக்கின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை) மிகக் குறைந்த படிக்கு வையுங்கள். அதுவும் போதாவிட்டால் சீட் தைக்கிறவரிடம் கொடுத்து முன்பக்கம் 20 மில்லிமீட்டர் ஃபோம் செதுக்கச் சொல்லுங்கள், தொடை உரசும் இரண்டு ஓரங்களையும் சேர்த்து. ஓரத்தைக் குறைத்தால் கால் நேராக இறங்கும், அந்தப் பலன் மேலே குறைப்பதைவிட அதிகம். லோயரிங் லிங்க் (பின்பக்கத்தைத் தாழ்த்தும் இணைப்புத் துண்டு) போடாதீர்கள். தரைக்கும் வண்டி அடிக்கும் உள்ள 220 மில்லிமீட்டர் இடைவெளி (கிரவுண்ட் கிளியரன்ஸ்) குறைந்து இன்ஜின் அடி பாறையில் இடிக்கும். பின்பக்கம் மட்டும் தாழ்ந்தால் முன் சக்கரம் வளைவில் மண்ணைப் பிடிக்காமல் வெளியே தள்ளும்.

எடையில் எல்லாரையும் வெல்வது கே.எல்.எக்ஸ்.தான், மறுக்கவில்லை. உள்நாட்டிலேயே தயாரிக்க ஆரம்பித்த பிறகு விலையும் நன்றாக இறங்கியது. ஆனாலும் ரோடு டாக்ஸ், இன்ஷூரன்ஸ் சேர்த்தால் உங்கள் 2 லட்சம் வண்டியோடு முடிந்துவிடும்; பூட்ஸ், முழங்கால் கார்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. பழகும் காலத்தில் கீழே விழுந்து லீவர், இண்டிகேட்டர், கிளட்ச் பிளேட் எல்லாம் போகும். எக்ஸ்பல்ஸ் பாகம் சேலத்திலேயே சாதாரணமாகக் கிடைக்கும், விலையும் சின்னது. இரண்டு வருடம் பழகி, உயரப் பயம் போன பிறகு கே.எல்.எக்ஸுக்கு மாறுங்கள், அப்போது அதன் அருமை தெரியும்.

2023 மே என்று நான் ஏன் குறிப்பாகச் சொன்னேன் என்றால், அந்த மாற்றத்தில்தான் ஏ.பி.எஸ்.ஸுக்கு (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) ரோடு, ஆஃப்-ரோடு, ரேலி என்று மூன்று நிலை வந்தது. அதற்கு முந்தைய 4வி-யில் (2021 அக்டோபரில் வந்தது) அந்தத் தேர்வு இல்லை. இந்த வண்டியில் ஏ.பி.எஸ். முன் சக்கரத்துக்கு மட்டும். தளர்ந்த கல் இறக்கத்தில் ரோடு நிலையில் முன் பிரேக் பிடித்தால், சக்கரம் வழுக்கப் போகிறது என்று ஏ.பி.எஸ். திரும்பத் திரும்பப் பிரேக்கை விடுவிக்கும்; வண்டி நிற்காமல் ஓடுவது போலிருக்கும். ஆஃப்-ரோடு நிலையில் அந்தத் தலையீடு குறையும். ரேலியில் ஏ.பி.எஸ். முழுக்க இல்லை, முதல் ஆறு மாதம் அதைத் தொடாதீர்கள். மலை இறங்கி தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ரோடு நிலைக்கு மாற்ற வேண்டும்.

பேப்பர் இல்லாத 250-ஐ மறந்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 39-ஆவது பிரிவுப்படி பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் மட்டுமல்ல, வேறு எந்த இடத்திலும் ஓட்டக் கூடாது. தோட்டத்துக்குள் மட்டும் என்றாலும் மேலே கொண்டுபோக ஒவ்வொரு முறையும் டாடா ஏஸ் வாடகை. இன்ஷூரன்ஸ் கிடைக்காது. திருட்டு வண்டியாக இருந்தால் பொறுப்பு உங்கள் தலையில். இதெல்லாம் சரியாக இருந்தாலும் மோட்டோகிராஸ் பைக் பழகுபவருக்கு ஆகாது. அதன் சக்தி எல்லாம் மேல் ஆர்.பி.எம்.மில் திடீரென்று வரும். பாறை நடுவே நடை வேகத்தில் போக அந்த இன்ஜினை யாரும் கட்டவில்லை. ஆயில், பிஸ்டன் மாற்றுவதை ஓடிய மணிநேரத்தை வைத்துக் கணக்கிடுவார்கள், கிலோமீட்டரை வைத்து இல்லை.

உங்கள் ஸ்ப்ளெண்டரை விற்காதீர்கள். 112 கிலோதான் அது. எக்ஸ்பல்ஸ் தேடும் ஒன்றிரண்டு மாதத்தில் காலியான மண் மைதானத்தில் அதை வைத்தே கிளட்ச் பாதி பிடியில் நடை வேகத்தில் எட்டுப் போடுங்கள், பின் பிரேக்கைப் பூட்டிச் சக்கரம் வழுக்கும் உணர்வைப் பழகுங்கள். அந்தப் பழக்கம் அப்படியே பெரிய வண்டிக்கு வரும். மலைக்கு மட்டும் அதைக் கொண்டுபோக வேண்டாம், 165 மில்லிமீட்டர் கிளியரன்ஸில் கிராங்க் கேஸ் உடையும்.

இப்போது செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கும் முறை. காலையில், இன்ஜின் சூடாகும் முன் வருவதாகச் சொல்லுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஏதோ பிரச்சினை இருக்கிறது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாக இடம் வலம் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல் ‘டக்’ என்று நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போய்விட்டது. ஃபோர்க் (முன் ஷாக்) குழாயில் விரல் வைத்துத் துடையுங்கள், ஆயில் வளையம் தெரிந்தால் சீல் கசிகிறது. பின் சக்கரத்தை மேலே தூக்கி, சுவிங்ஆர்மை (பின் சக்கரத்தைத் தாங்கும் கையை) பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கவே கூடாது. ஸ்போக் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டுங்கள். ஒரே மாதிரி கணீரென்று ஒலிக்க வேண்டும், மழுங்கிய சத்தம் வந்தால் அது தளர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு தளர்வு பரவாயில்லை. ரிம் விளிம்பு உள்ளே மடிந்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறத்தில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பல்லில் பாதி தெரியும் அளவுக்கு விலகினால் செயின், ஸ்ப்ராக்கெட் செட் முழுக்க மாற்ற வேண்டும்.

பிறகு இன்ஜின் அடியைப் படுத்துப் பாருங்கள். பாஷ் பிளேட்டில் (இன்ஜின் அடியைக் காக்கும் தகட்டில்) கீறல் இருப்பது தப்பில்லை, மண்ணில் ஓடிய வண்டி அப்படித்தான் இருக்கும். ஃப்ரேம் குழாய் நசுங்கி இருந்தாலோ, வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் மயிரிழையாக விரிந்து துரு தெரிந்தாலோ அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாவது கியரில் மெதுவாகப் போய், சட்டென்று முழு ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கடைசியாக ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபில்டருக்கு அப்பால், இன்ஜின் பக்கம் போகும் குழாயின் உள்சுவரில் விரலை ஓட்டுங்கள். செம்மண் தூள் ஒட்டினால் இன்ஜின் அதைக் குடித்திருக்கிறது, சிலிண்டர் தேய்மானம் நிச்சயம். எந்தப் பாலீஷும் அதை மறைக்க முடியாது. இந்த ஒரு சோதனையை மட்டும் யார் தடுத்தாலும் விட்டுவிடாதீர்கள்.

வண்டி வந்ததும் முதலில் டயர். நீங்கள் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு தார் ரோட்டில் ஏறி, அதே வளைவுகளில் இறங்கவும் வேண்டும். முழு நாபி டயர் (மண்ணுக்கான பெரிய கட்டை டயர்) தார் வளைவில் நெளியும், சீக்கிரம் தேயும். பாதி ரோடு பாதி மண்ணுக்கான பிளாக் டயர் எடுங்கள், முன்னால் 90/90-21, பின்னால் 120/80-18, டியூப் வகை. தோட்ட வாசலில் காற்றை முன்னால் 20, பின்னால் 22 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். 15-க்குக் கீழே போனால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். திரும்பும்போது தாருக்கு வரும் முன் கம்பெனி அளவுக்கு மறுபடி ஏற்ற வேண்டும், இல்லையென்றால் டயர் சூடாகும், வளைவில் வண்டி இழுக்கும். அதனால் சின்ன பம்பும் காற்று மானியும் பையில் இருக்கட்டும்.

ஹேண்ட் கார்டு உள்ளே உலோகக் கம்பி உள்ளதாக இருக்க வேண்டும், வெறும் பிளாஸ்டிக் காற்றைத்தான் தடுக்கும். லீவர் கிளாம்புக்கு அடியில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று சுற்றி, போல்ட்டை அளவாக இறுக்குங்கள். விழும்போது லீவர் உடையாமல் திரும்பிக்கொள்ளும். நின்றுகொண்டு ஓட்டும்போது மணிக்கட்டு நேராக இருக்கும்படி லீவரைக் கொஞ்சம் கீழே சாயுங்கள். டேங்க் 13 லிட்டர் பிடிக்கும், ஆனால் 6 லிட்டருக்கு மேல் போடாதீர்கள். போய்த் திரும்ப அது போதும், டேங்கின் உச்சியில் 5 கிலோ குறையும்.

40 ஆயிரத்தில் முதலில் பூட்ஸ். சாயும் வண்டிக்கு அடியில் மாட்டுவது கணுக்கால், ஸ்போர்ட்ஸ் ஷூ அதைக் காக்காது. கணுக்காலுக்கு மேல் ஏறும், பக்கவாட்டில் மடியாத ரைடிங் பூட்ஸ் வாங்குங்கள். அடுத்தது முழங்கால் கார்டு, பிறகு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட், கையுறை, தோள்-முழங்கை பேடு உள்ள மெஷ் ஜாக்கெட். சேலத்து வெயிலில் மெஷ் இல்லாத ஜாக்கெட்டை அடிவாரத்திலேயே கழற்றிவிடுவீர்கள்.

தோட்டத்தில் முதல் நாளே பழக வேண்டியது, ஏற்றத்தில் நின்றுபோன வண்டியை மீட்பது. இன்ஜின் அணைந்ததும் கிளட்ச்சைப் பிடிப்பதுதான் எல்லாருடைய கையும் செய்யும் தவறு. பிடித்தால் வண்டி பின்னால் உருளும். முன் பிரேக் மட்டும் நிறுத்தாது. ஏற்றத்தில் எடையெல்லாம் பின் சக்கரத்தில் இருக்கும், முன் சக்கரம் பூட்டிய நிலையிலேயே மண்ணில் சறுக்கும். கிளட்ச்சை விட்டு முதல் கியரிலேயே வையுங்கள், இன்ஜின் அழுத்தம் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மேட்டுப் பக்கம் காலை ஊன்றி, அந்தப் பக்கமாகவே இறங்குங்கள். இனி கிளட்ச் லீவர்தான் உங்கள் பின் பிரேக்: கொஞ்சம் பிடித்தால் ஒரு சாண் பின்னால் வரும், விட்டால் நிற்கும். அப்படிச் சாண் சாணாக இறக்கி, வண்டியின் பின்பக்கத்தை மேட்டுப் பக்கம் வளைத்து, பாதைக்குக் குறுக்கே நிறுத்துங்கள். பிறகு முன் சக்கரத்தை இறக்கத்துக்குத் திருப்பி ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து இறங்கிவிடலாம். மாமா தோட்டத்தில் பத்தடி நீளமுள்ள, அடியில் சமதளம் உள்ள ஒரு மேட்டில் வேண்டுமென்றே இன்ஜினை அணைத்து இதைப் பழகுங்கள்.

விழுந்த வண்டியைத் தூக்க: சாவியை அணைத்து, முதல் கியரில் வைத்து, வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே விரித்துவிடுங்கள், தூக்கிய வேகத்தில் மறுபக்கம் சாயாது. ஹேண்டிலைத் தரைப் பக்கம் முழுக்கத் திருப்பி, வண்டிக்கு முதுகு காட்டி, சீட் விளிம்பில் இடுப்பை வைத்துக் குந்துங்கள். ஒரு கை கீழ் கிரிப்பில், மறு கை பின் கம்பியில். முதுகை வளைக்காமல், சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்து தள்ளுங்கள். சக்கரம் மேட்டிலும் சீட் பள்ளத்திலும் இருக்கும்படி விழுந்திருந்தால் அப்படியே தூக்க முயலாதீர்கள், முன் சக்கரத்தைப் பிடித்து இழுத்து வண்டியை அரைவட்டம் சுழற்றி, சக்கரங்களைப் பள்ளத்துப் பக்கம் கொண்டுவந்த பிறகு தூக்குங்கள்.

இடம் பற்றிக் கண்டிப்பாக ஒன்று. தோட்ட எல்லைக்கு அப்பால் காப்புக்காடு ஆரம்பித்தால் அங்கே சக்கரம் போகக் கூடாது, பாதை எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும். வன அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். காட்டெருமை நடமாட்டமும் உண்டு. தோட்டத்துக்குள் எருமை தெரிந்தால் நின்று, ஆக்ஸிலரேட்டர் முறுக்காமல், வந்த வழியே திரும்பிவிடுங்கள். காப்பி பறிக்கும் மாதங்களில் ஆட்கள் பாதையில் கூடையோடு நடப்பார்கள். எந்தப் பக்கம் வேலை நடக்கிறது என்று மாமாவிடம் கேட்டு மறுபக்கம் ஓட்டுங்கள். மழைக்குப் பிறகு இரண்டு நாள் வெயில் அடிக்காமல் செம்மண்ணில் இறங்க வேண்டாம். டயர் கட்டைகளுக்கு நடுவே மண் நிரம்பிவிட்டால் எந்த டயரும் வழுக்கு டயர்தான், போதாததற்குப் பாதையும் குழி விழுந்து தோட்டத்துக்குச் செலவு வரும்.

பேப்பர் வேலை: ஆர்.சி.யில் உள்ள இன்ஜின், சேசிஸ் எண்ணை வண்டியோடு ஒப்பிட்டு, அரசின் பரிவாகன் இணையதளத்தில் கடன், அபராதம் பாருங்கள். படிவம் 29, 30-ல் விற்பவர் கையெழுத்து வாங்காமல் முழுப் பணமும் கொடுக்காதீர்கள். கடன் இருந்தால் வங்கியின் படிவம் 35, வேறு மாநில வண்டி என்றால் என்.ஓ.சி.க்கான (தடையில்லாச் சான்று) படிவம் 28. இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். தாமதித்தால் உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கு அவர்கள் பணம் தர மறுக்கலாம். முதல் தோட்டப் பயணத்துக்குப் போகும் முன் இந்தப் பெயர் மாற்றம் முடிந்திருக்கட்டும்.